இந்தப் படகு சிமென்ட் மேடைக்கு வராது

மகனே,

நலம் விசாரிக்கும் பத்தியை விட்டுவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேனா என்பது இந்தக் கடிதத்தின் நீளத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். கல்மண்டபத்து பிரவுசிங் சென்டரில் உன் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்த பெண், "இன்னா ஆன்ட்டி, கணக்குப் பாடம் மாதிரி கீது?" என்று கேட்டாள். கணக்குப் பாடம்தான். சிங்கப்பூரில் கப்பல் வடிவமைக்கும் என் மகன், தன் அம்மாவின் பாய்மரப் படகு கடலுக்கு ஏன் லாயக்கில்லை என்பதை அட்டவணை போட்டு நிரூபித்திருந்தான். அட்டவணைக்குக் கீழே சில வரிகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் நடத்தும் குமரேசனுக்கு நம் படகு லினெட்டைக் கொடுப்பதாக நீ வாக்குக் கொடுத்துவிட்டாய். அவர் கிரேனோடு வந்து தூக்கிப்போவார். அடிக்கட்டையை அறுத்தெடுத்துவிட்டு, புல்தரையில் சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் உட்காரவைத்து, உள்ளே ஐஸ்கிரீம் விற்பார்கள். "அப்பாவின் ஞாபகம் நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்கும். துக்கத்தில் நீ அதைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம்மா" என்று முடித்திருந்தாய்.

முடித்த இடத்திலிருந்தே நான் தொடங்குகிறேன். துக்கத்துக்காக நான் எதையும் வைத்துக்கொள்வதில்லை. உன் அப்பாவின் சட்டைகளை அவர் போன சில வாரங்களிலேயே கொடுத்துவிட்டேன். லினெட்டை வைத்திருப்பது அது ஓடுகிறது என்பதற்காக. நம் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் அப்பா சுக்கான் பிடியில் கைவைத்து, கண்ணைச் சுருக்கித் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் படம் எடுப்பதற்காகத்தான் அவர் அன்றைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தார். படத்துக்கு வெளியே முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் எடுங்கள், படகு திரும்புகிறது" என்று கத்திக்கொண்டிருந்தவள் நான். துறைமுகப் பட்டறையில் எந்த இயந்திரத்தையும் காதால் கேட்டே பழுது சொல்லக்கூடிய மனிதர் அவர். ஆனால் காற்று மாறுவது அவருக்குக் கன்னத்தில் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே கயிறு இழுப்பது அவர் வேலை, சுக்கான் என் வேலை. விருந்தாளிகள் வந்தால் மட்டும் இடம் மாறிக்கொள்வோம். அது எங்கள் இருவருக்குள் இருந்த ஒப்பந்தம். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஆனால் நீ அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்து, படகு அப்பாவுடையது, அம்மா அதில் சாண்ட்விச் எடுத்துக் கொடுப்பவள் என்று முடிவுகட்டிவிட்டாய். நாலு வயதில் நீ உள்ளறைப் பலகையில் படுத்து, எண்ணூர் வரை போய்த் திரும்பும் வரைக்கும் கண் விழிக்காமல் தூங்குவாய். யார் கையின் கீழ் அப்படித் தூங்கினாய் என்று ஒருமுறையாவது யோசித்திருக்கிறாயா?

உன் முதல் பிறந்தநாளன்று உன் அப்பா என்னைக் கேட்காமல் படகின் காகிதங்களை உன் பெயருக்கு மாற்றினார். மீசை முளைக்காத குழந்தைக்குப் பாய்மரக் கப்பல் என்று பட்டறை முழுவதும் மிட்டாய் கொடுத்தார். அந்தப் பாசத்தின் விலையை இப்போது நான் கொடுக்கிறேன். சட்டப்படி நீ அதை யாருக்கும் கொடுக்கலாம். நான் போட்டால் என் கையெழுத்து செல்லாது. இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான். ஆகவே கவனமாகப் படி. அட்டவணையைப் படிப்பதுபோலப் படி.

முதலில் உன் கணக்கு. எல்லாம் சரி. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், கால்குலேட்டர் இல்லாமல். மேல்தளத்தில் முப்பத்திரண்டு அடி நீளம், தண்ணீர்க்கோட்டில் இருபத்தைந்து அடி. இருபத்தைந்துக்கு வர்க்கமூலம் ஐந்து. அதை உங்கள் பாடப்புத்தக எண்ணால் பெருக்கினால் மணிக்கு ஏழு கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு. லினெட் அதற்கு மேல் ஓடாது. ஓடும்போது தன் நீளத்துக்கு ஓர் அலையைத் தானே எழுப்பி, அந்த அலையின் பள்ளத்திலேயே தான் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த மேட்டை ஏறித் தாண்டாது. உண்மை. நீளத்துக்கு எடை அதிகம் என்று எழுதியிருக்கிறாய். உண்மை. பர்மா தேக்குப் பலகை, அடியில் இரும்புப் பாரம், எல்லாம் சேர்த்து ஏழு டன் வரும். பெரிய பாயின் மேல்விளிம்பைச் சாய்ந்த ஒரு கட்டை தாங்கும் பழைய மாதிரி என்பதால், காற்று வரும் திசைக்கு நெருக்கமாக ஏறாது. உன் புதிய படகுகள் காற்றின் முகத்துக்கே போகும் இடத்தில் லினெட் விலகி விலகித்தான் போகும். உண்மை. முன்னிருந்து பின்வரை ஒரே நீளமாக ஓடும் அடிக்கட்டை என்பதால் திரும்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவும் உண்மை. இந்தியாவை விட்டுப் போகவே மாட்டோம் என்று நினைத்திருந்த வெள்ளைக்காரர்கள் கல்கத்தாவில் கட்டிய படகு. அவசரம் என்பது அவர்கள் மனதில் இருந்திருக்காது.

ஆனால் மகனே, சரியான எண்களை வரிசையாக அடுக்கி வைத்து நீ தப்பான முடிவுக்கு வந்திருக்கிறாய். எடையை எடுத்துக்கொள். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரையோரம் கருங்கல் கொட்டிய பிறகு, அலை கரையில் படுத்து அடங்குவதில்லை. கல்லில் மோதித் திரும்பி வருகிறது. வருகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் அந்தக் கலங்கலில், எடை குறைந்த படகு ஒவ்வொரு அறைக்கும் நின்று நின்று போகும். லினெட் நிற்காது. அறை வாங்கிக்கொண்டே போகும். உன் அட்டவணையில் எடை என்ற பத்தி இருக்கிறது, கருங்கல் என்ற பத்தி இல்லை.

இது உனக்குத் தெரியாததா? கல்லூரியில் முதல் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்தவன், அப்பாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாயே. "வேகத்துக்கு எதிரி எடைப்பா" என்றாய். அவருக்கு மகன் பொறியாளர் ஆகிறான் என்ற பூரிப்பு. உள்ளே அடித்தளத்தில் அடுக்கியிருந்த இரும்புக் கட்டைகளில் பாதியை இருவருமாக வெளியே தூக்கிப் போட்டீர்கள். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று, வேண்டாம் என்று சொன்னேன். "நீ சும்மா இரு, பையன் படிச்சிருக்கான்" என்றார். துறைமுக வாயைத் தாண்டியதும் ஒரு காற்று அடித்தது. படகு குடிகாரனைப்போலப் பக்கவாட்டில் சாய்ந்து, தானாகவே காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிட்டது. அப்பா தண்ணீரில் விழவில்லை, ஆனால் அவருடைய மூக்குக்கண்ணாடி விழுந்தது. திரும்பி வந்து கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கியபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை: "தியரி சரிதான்மா. படகுதான் தப்பு." அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். இப்போது அதே வரியைத்தான் அட்டவணையாக்கி அனுப்பியிருக்கிறாய்.

அடுத்தது, படகு மூழ்கிவிட்டது என்ற செய்தி. அதைக் கேட்டுத்தானே வாக்குக் கொடுத்தாய்? உன் பள்ளிக்கூடத் தோழன் செல்வம், கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், என்னைப் பார்த்துக்கொள்ளும்படி நீ ஏவிவிட்ட ஒற்றன், காசிமேட்டிலிருந்து உனக்கு போன் செய்திருக்கிறான். "மச்சான், போட்டு முய்கிப்போச்சுடா. பெஞ்சு மட்டத்துக்குத் தண்ணி நிக்கிது. அம்மா கரையில சேர் போட்டு உக்காந்து பாத்துகினு கீறாங்க. எனக்கே அழுகை வந்துடுச்சு." இதை அவனே என்னிடம் பிறகு சொன்னான். அவன் பார்த்தது சரி. புரிந்துகொண்டதுதான் தப்பு. அப்பா போன பிறகு லினெட் இரண்டு கோடைகள் தார்பாலின் போட்டு தரையில் கிடந்தது. தேக்கு காய்ந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெயில் தெரிந்தது. இந்தத் தடவை இடுக்குகளில் கலப்பத்துக்காரர்களை விட்டுப் பஞ்சு அடைக்கச் சொன்னேன். இறுக்கி அடைக்க வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்றேன். இறுக்கினால் மரம் ஊறிப் புடைக்கும்போது ஆணியையே பிடுங்கிவிடும். பிறகு தண்ணீரில் இறக்கி, இரண்டு விசைப்படகுகளுக்கு நடுவில் கயிற்றுத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீர் வரட்டும் என்று விட்டுவிட்டேன். மரம் குடிக்க வேண்டியதைக் குடித்தால்தான் இடுக்கு மூடும். நான் சேர் போட்டு உட்கார்ந்திருந்தது அழுவதற்கில்லை. தண்ணீர் ஏறுவது எப்போது நிற்கிறது என்று பார்ப்பதற்கு. நின்றது. இறைத்தோம். அதன் பிறகு உள்ளே வந்த தண்ணீர் ஒரு சொம்புகூட இராது. ஊறிக்கொண்டிருப்பதைப் பார்த்து மூழ்கிவிட்டதாகச் சொல்வது படகுக்கு மட்டும் நடப்பதில்லை. அப்பா போன பிறகு நான் சில மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தபோது, உன் மனைவியிடம் "அம்மா முடிஞ்சுபோயிட்டாங்க" என்று நீ போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

குமரேசன் வந்த நாளுக்கு வருகிறேன். சித்திரை மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. நீ எனக்குத் தேதி சொல்லவில்லை. ஆனால் உன் ஒற்றனுக்கு என்னிடம் எதையும் மறைக்க வராது. நான் ஓடி ஒளியவில்லை. லினெட்டின் பாயை எல்லாம் பூட்டித் தயாராக வைத்துவிட்டு, பருத்திப் புடவையை இழுத்துச் செருகி, அப்பாவின் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். கிரேன் வந்து நின்றது. வெள்ளை ஷூ போட்ட ஒரு மனிதர் இறங்கி, மூழ்கிய படகைத் தேடினார்.

"மேடம், உங்க மகன் சொன்ன போட்டு எங்க இருக்கு?"

"அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

"தண்ணிக்குள்ள போயிடுச்சுன்னு சொன்னாரே."

"ஏறி வாருங்கள். எண்ணூர் வரை போய்த் திரும்புவோம். திரும்பிய பிறகும் இதன் அடிக்கட்டையை அறுக்க உங்களுக்கு மனது வந்தால், ரம்பம் நானே எடுத்துத் தருகிறேன்."

அவர் கிரேன் டிரைவரைப் பார்த்தார். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், ஏறுங்க சார். அம்மா சொல்லிட்டா வுடமாட்டாங்க. ஸ்கூல்ல நம்ம ரிப்போர்ட் கார்டையே பிடுங்கிப் பாத்தவங்க" என்றான்.

துணைக்கு இன்னொருவர் வேண்டியிருந்தது. லினெட்டுக்குத் தொட்டில் கட்டக் கயிறு கொடுத்த விசைப்படகு டிரைவர் கன்னியப்பன், வேலையில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தவர், அவராகவே எழுந்து வந்தார். அப்போதுதான் வேறொரு தகராறு. தாலி இழந்தவள் படகில் கால்வைத்து முன்னால் புறப்பட்டால் கடல் கொடுக்காது என்று பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். என் காதில் விழும்படியாகத்தான். நான் எழுந்து அவன் பக்கம் திரும்புவதற்குள் கன்னியப்பன் முந்திக்கொண்டார்.

"டேய் நைனா, இது தடைக்காலம். எவன்டா வலை போடப் போறான்? கடல் இன்னாத்தக் கொடுக்காம போவும்? கவர்மென்டே கொடுக்காதன்னு சொல்லிகீது!"

"அதுக்கில்லண்ணே, ஒரு சாஸ்திரம்னு..."

"சாஸ்திரம் மீன் புடிக்கிற போட்டுக்கு. இதுல வலையும் இல்ல, ஐசும் இல்ல, எஞ்சினும் இல்ல. இது போட்டே இல்லடா, பீரோவு. பீரோவுல அம்மா ஏறுனா உனுக்கு இன்னா பேஜாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் படகை பீரோ என்றதற்காக நான் அவரிடம் சிரிக்கவில்லை. "கன்னியப்பன், முன்பாய்க் கயிற்றை எடுங்கள்" என்றேன். அந்த முணுமுணுத்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டியிருந்த கயிற்றை என் கையால் அவிழ்த்தேன்.

தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்திருந்தது. வடக்கே போவதற்கு அதைவிடப் பொருத்தமான காற்று கிடையாது. பின்பக்கத்து வலது தோளில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வரும். லினெட்டை இந்தக் காற்றுக்காகத்தான் வரைந்திருப்பார்கள். பாயை அகல விட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே நிலைத்துக்கொண்டது. மேலும் சாயவும் இல்லை, நிமிரவும் இல்லை. சுக்கான் பிடியை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு நான் கையை எடுத்துக்கொண்டு, பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினேன். குமரேசன் டம்ளரைப் பார்க்கவில்லை, கட்டியிருந்த பிடியையே பார்த்தார். "மேடம், யாரு ஓட்டுறாங்க?" என்றார். யாரும் ஓட்டவில்லை என்றேன். நீளமான அடிக்கட்டை விடாப்பிடியானது. ஒரு திசையைச் சொல்லிவிட்டால் அதிலேயே போகும். திரும்ப நேரமாகிறது என்று நீ குறை எழுதிய அதே குணம்தான் இது. ஒன்றை வாங்கும்போது மற்றதும் கூடவே வரும். திருவொற்றியூர் கரையில் லாரிகள் நகர இடமில்லாமல் நின்றன. அவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்தோம். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கிட்டே வந்தது. முகத்துவாரக்குப்பத்துக்கு நேராக வந்ததும் செல்வம், "அம்மா, எஞ்சின் சத்தமே இல்லாத இவ்ளோ தூரம் வந்துகீறோம், நம்பவே முடியல" என்றான். கன்னியப்பன் மட்டும், "வர்றது வந்துட்டோம். காத்துக்கு எதுத்தாப்ல திரும்பிப் போறது எப்புடின்னு பாப்போம்" என்று தூண்டிவிட்டார்.

அதுதான் கேள்வி. உன் அட்டவணையின் கடைசி வரியும் அதுதான்: இந்தப் படகு, கரைநோக்கிக் காற்றடிக்கும்போது, எஞ்சின் இல்லாமல், கல்லிலிருந்து விலகி வர முடியாது. நான் படகைத் திருப்பி நேராகக் கிழக்கே, நடுக்கடலை நோக்கிப் பிடித்தேன். கரை சிறிதாகிக்கொண்டே போனது. குமரேசன் எழுந்து நின்றுவிட்டார்.

"மேடம், மெட்ராஸ் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"நாம இந்தப் பக்கம் போறோம்."

"உட்காருங்கள். அந்தப் பக்கம் போவதற்காகத்தான் இந்தப் பக்கம் போகிறேன்."

காற்றுக்கு நெருக்கமாக ஏறத் தெரியாத படகுக்குத் தேவை இடம். முதலில் கடலில் வேண்டிய இடத்தைச் சம்பாதித்துக்கொள். பிறகு அதைச் செலவழித்துக்கொண்டு வீட்டுக்கு வா. கரையை உரசிக்கொண்டே குறுக்குவழியில் வீடு திரும்ப நினைப்பவனுக்குத்தான் உன் கூர்மையான கோணங்கள் வேண்டும். இதைக் கடலுக்கு மட்டும் எழுதவில்லை. நீ வேலை மாறும்போதும், வீடு வாங்கும்போதும், மனைவியோடு சண்டை போடும்போதும் கரையை உரசியே போகிறாய்.

அன்று நான் நினைத்த அளவு இடம் எனக்குக் கிடைக்கவில்லை. துறைமுகத்துக்காகக் காத்திருந்த ஒரு சரக்குக் கப்பல் நங்கூரமிட்டு வழியில் நின்றது. அதைச் சுற்ற முடியாமல் நான் சற்று முன்னதாகவே தெற்கே திரும்பினேன். அதனால் ராயபுரம் வருவதற்கு முன்பே, திருவொற்றியூர்க் கருங்கல் கிட்டே வந்துவிட்டது. மறுபடி ஒருமுறை கடலுக்குள் திரும்ப வேண்டும். பெரிய பாயின் கயிறு என் கையில், முன்பாய் கன்னியப்பனிடம். சுக்கானைச் செல்வத்திடம் கொடுத்திருந்தேன். "மெதுவாகத் தள்ளு, படகு தன் ஓட்டத்திலேயே வட்டமாகத் திரும்பும், அவசரப்படுத்தாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். அவன் கல்லைப் பார்த்தான், பயந்தான், பைக்கின் ஹேண்டில்பாரைத் திருப்புவதுபோல ஒரேயடியாகத் தள்ளிவிட்டான். அப்படித் தள்ளினால் சுக்கான் திருப்பாது. கதவைக் குறுக்கே சாத்தியதுபோல் ஓட்டத்தை நிறுத்திவிடும். லினெட் காற்றுக்கு நேராக மூக்கை வைத்து நின்றது. பாய் எல்லாம் படபடவென்று அடித்தது. பிறகு மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது, கல்லை நோக்கி.

"அம்மா, பின்னாடி போவுது! பின்னாடி போவுது!"

"நீளமான அடிக்கட்டைன்னா இதான்" என்று நீ அருகில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். சொல்லியிருந்தால் சரியாகவும் இருந்திருக்கும். உன் புதிய படகு அந்த இடத்தில் பம்பரம்போலச் சுழன்று தப்பித்திருக்கும். கல்லில் அலை உடைவது காதில் கேட்டது. குமரேசன் அதுவரை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பெரிய பாயின் கயிற்றைத் திணித்து, "நான் சொல்லும்வரை இழுக்கவும் கூடாது, விடவும் கூடாது" என்றேன். செல்வத்தைத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்தேன். "கன்னியப்பன், முன்பாயைக் காற்றுக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள், வலது பக்கம், கையால்!" அவர் முன்னால் நீட்டியிருக்கும் மூக்குக்கட்டைவரை ஓடி, பாயின் மூலையைப் பிடித்துக்கொண்டு உடம்பையே வெளியே சாய்த்தார். "யம்மா, இது எருமைய இழுக்கிற மாதிரி கீது!" படகு பின்னால் போகும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். அதனால் இத்தனை நேரம் தள்ளியிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பிடியை வைத்தேன். வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு எதுவும் கிடையாது, மகனே. ஏழு டன் தன் மனதை மாற்றிக்கொள்ள ஒரு நேரம் இருக்கிறது. மூக்கு மெல்ல, மிக மெல்ல இடதுபுறம் விலகியது. பிறகு காற்று அவர் எதிராகப் பிடித்திருந்த பாயைக் கன்னத்தில் அறைந்து தள்ளியது. "கன்னியப்பன், விடுங்கள்!" முன்பாய் இந்தப் பக்கம் வந்து நிறைந்தது. திரும்பி வந்த அலை ஒன்று பக்கவாட்டில் படாரென்று அடித்தது. எடை குறைந்த படகாக இருந்தால் அந்த அடியில் மறுபடி நின்றிருக்கும். லினெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தது. கல் பின்னால் போனது.

செல்வம் சுக்கானிலிருந்து எட்டப் போய் உட்கார்ந்துகொண்டான். பிறகு குமரேசன் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், இந்தக் கயித்த இப்ப விடலாமா?" அவர் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. சொன்னபடி செய்திருந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. அதன் பிறகு கடலுக்குள் நீளமாக ஒரு நடை, தெற்கே ஒரு நடை. வெளிச்சம் இருக்கும்போதே காசிமேட்டுக்குள் பாயிலேயே நுழைந்து, கிளம்பிய அதே இடத்தில் நிறுத்தினேன். கன்னியப்பன் தரையில் குதித்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எஞ்சின் ஒண்ணு வெச்சிருந்தா இந்தக் கஸ்டமே இல்ல" என்றார். அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

குமரேசன் நல்ல மனிதர், அதனால்தான் இன்னும் சிக்கல். அறுக்கத் தனக்குக் கை வராது என்றார். அடுத்த மூச்சில், எஞ்சின் பொருத்தி விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டலாமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்ப நான் என்ன மேடம் பண்றது? பார்ட்னர்கிட்ட சொல்லி மேடை போட்டாச்சு. உங்க பையன் வாக்கு கொடுத்திருக்காரு, பேப்பர் அவர் பேர்ல இருக்கு. அவர் வாயால வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் விட்டுடறேன். இல்லேன்னா தடைக்காலம் முடியற வாரம் கிரேன் வரும். அப்புறம் மீன் லாரி வந்துட்டா இங்க கிரேன் நிக்க எடம் இருக்காது." அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. வாக்குக் கொடுத்தது நீ. திரும்ப வாங்க வேண்டியதும் நீ. உன் சார்பில் நான் போய் அவரிடம் கெஞ்ச மாட்டேன். என் சார்பில் உன்னிடமும் கெஞ்சவில்லை.

எனவே இதைப் படித்து முடித்ததும் போனை எடு. குமரேசனிடம் பேசு. அம்மா துக்கத்தில் இருக்கிறாள், வயதாகிவிட்டது, பிடிவாதம் என்றெல்லாம் காரணம் சொல்லாதே. அது பொய். "நான் தப்பாகக் கணித்துவிட்டேன், படகு ஓடுகிறது, ஓட்டுபவரும் இருக்கிறார்" என்று சொல். அவ்வளவுதான் உண்மை. சிங்கப்பூருக்கு வந்து எங்களோடு இரு என்று கேட்டிருந்தாய். பார்க்க வருவேன், இருக்க மாட்டேன். எனக்கு முட்டி வலிக்கிறது, இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. காற்று இன்னும் கன்னத்தில் தெரிகிறது. அது தெரியாமல் போகும் நாளில் சுக்கானை நானே வேறொருவர் கையில் கொடுப்பேன். அந்த நாளை நீ குறிக்க வேண்டாம்.

நீ பேசவில்லை என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கிரேன் வரும் நாளைச் செல்வம் எனக்குச் சொல்லிவிடுவான். இந்தத் தடவை அவன் என் ஒற்றன். அன்று கடற்காற்றுக்குக் காத்திருக்காமல், விடியலின் நிலக்காற்றிலேயே லினெட்டை எடுத்துக்கொண்டு துறைமுக வாய்க்கு வெளியே போய், முன்பாயை ஒரு பக்கமும் சுக்கானை மறுபக்கமுமாகக் கட்டி, படகை அப்படியே கடலில் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பேன். உன் அட்டவணையில் அதற்கும் பத்தி இல்லை. இந்தப் பழைய படகுகள் அப்படி நாள் முழுவதும் நிற்கும். குமரேசன் வந்த அன்று கிரேன் திரும்பிப் புறப்படும்போது, டிரைவரிடம் அதன் கை எவ்வளவு நீளம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

போதாது.

உன் அம்மா